கண்மாய்க் களிமண்ணும் ஐந்தாம் நாள் ஆடுகளமும்

இலக்கியம் பேசும் இந்தப் பக்கத்தில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர்கள் இருவர் சிரித்தார்கள். "தொல்காப்பியத்தில் பந்துவீச்சு இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டார். பந்துவீச்சு இல்லை, பிட்ச் இருக்கிறது என்றேன். விளையாட்டாகச் சொன்ன பதில்தான். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அதில் விளையாட்டு கொஞ்சமும் உண்மை நிறையவும் இருப்பதாகப் பட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

உடனடிக் காரணமும் ஒன்று உண்டு. 2025 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட் மூன்றாம் நாளே முடிந்துபோனது நினைவிருக்கும். வெற்றிக்கு 124 ஓட்டங்கள் வேண்டியிருக்க, இந்தியா 93க்குச் சுருண்டது. மறுநாள் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் இதுவே பேச்சு. "இதெல்லாம் ஒரு பிட்சா? புழுதிக்காடு! டெஸ்டைக் கொலை செய்கிறார்கள்" என்று ஒரு பேராசிரியர் கொதித்தார். எல்லோரும் தலையசைத்தோம், நானும்தான். ஆனால் மாலையில் பேருந்தில் கொட்டாம்பட்டிக்குத் திரும்பும்போது ஒரு கேள்வி உறுத்தத் தொடங்கியது. பந்து சுழன்றால் மட்டும் அது ஏன் கொலை? 600 ஓட்டங்கள் குவிந்து, ஐந்து நாளும் ஒருவரும் ஜெயிக்காமல் கைகுலுக்கிப் பிரியும் ஆட்டத்தை நாம் ஏன் புழுதி என்று திட்டுவதில்லை?

எங்கள் ஊர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். இது ஆற்றுப்பாசனம் செழித்த மதுரையல்ல. மழையை நம்பிய மேட்டுநிலம். அந்த மழையைத் தேக்கிவைக்கக் கண்மாய்கள். மாசி கடைசியில் கண்மாய் வற்றத் தொடங்கும். பங்குனியில் உள்வாய் முழுதும் கரம்பை மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்போது பையன்கள் இறங்கிவிடுவார்கள். சீமைக் கருவேலங் கம்புகள் மூன்று, சைக்கிள் டயரோ செருப்போ எதிர்முனைக்கு அடையாளம், ஒரு டென்னிஸ் பந்து. பிட்ச் தயாராகிவிட்டது. உருளை போடுவோர் கிடையாது; முந்தின வாரம் மேய்ந்த மாடுகளின் குளம்படிகள்தாம் உருளை. தொடக்கத்தில் ஈரம் உள்ளே இருக்கும், மேல் மட்டும் இறுகியிருக்கும். பந்து ஒழுங்காக வரும். சித்திரைக்குள் வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு அகன்றுவிடும். பிறகு பந்து எங்கே போகும் என்பது போட்டவனுக்கும் தெரியாது, அடிப்பவனுக்கும் தெரியாது. அந்த வெடிப்பில் பார்த்துப் பார்த்துப் போடத் தெரிந்தவன் மட்டும் கொஞ்சம் தெரிந்தவன்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. மரமும் பறவையும் தொழிலும் தெய்வமும் அதற்குப் பின்தான். மனிதரின் உரிப்பொருளும் அந்த நிலத்தில் அந்தப் பொழுதில்தான் நிகழும். எனக்குத் தெரிந்து இந்த வகுப்பு முறையில் அப்படியே அடங்கக்கூடிய விளையாட்டு டெஸ்ட் கிரிக்கெட் ஒன்றுதான். டென்னிஸிலும் களிமண், புல், சிமெண்டு என்று மூன்று நிலம் உண்டு. ஆனால் அங்கே ஆட்டம் முடியும்வரை நிலம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கிரிக்கெட்டில் முதல் நாள் காலையில் ஈரமும் புல்லுமாக இருக்கும் அதே 22 கஜம், ஐந்தாம் நாள் பிற்பகலில் வேறொரு நிலம். பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, வெயிலில் மற்ற நிலங்கள் தம் இயல்பை இழப்பதால் பாலை பிறக்கிறது என்பது சிலப்பதிகாரம் காட்டும் விளக்கம். வகுப்பில் இதை நடத்தும்போது சேப்பாக்கத்தின் ஐந்தாம் நாளைத்தான் உதாரணமாகச் சொல்வேன். வயலுக்கு உரிய களிமண் காய்ந்து பாலையாகிறது. பின்வரிசை மாணவர்கள் அன்று மட்டும் தலை நிமிர்ந்து உட்கார்வார்கள்.

இந்த நிலத்தையும் பொழுதையும் ஆட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றியதுதான் சென்ற நூறாண்டுப் பந்துவீச்சின் வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் வெளியேறியது மழை. ஒரு காலத்தில் ஆடுகளத்தை மூடும் வழக்கம் இல்லை, அல்லது அரைகுறையாக இருந்தது. மழை பெய்து, பின்னால் வெயில் ஏறினால் களம் பிசுபிசுத்துப் பந்து தாறுமாறாக எழும். 1937 ஜனவரியில் மெல்பர்னில் அப்படியொரு களத்தில் பிராட்மன் என்ன செய்தார் என்பது அழகான கதை. இரண்டாம் இன்னிங்ஸில் மட்டை வரிசையைத் தலைகீழாகப் புரட்டினார். மட்டை பிடிக்கத் தெரியாத ஓரைலியையும் ஃபிளீட்வுட்-ஸ்மித்தையும் தொடக்க ஆட்டக்காரர்களாக அனுப்பிவிட்டு, களம் காயும்வரை தான் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். காய்ந்த பிறகு இறங்கி 270 அடித்தார். உலகம் கண்ட மிகப் பெரிய மட்டையாளரே பொழுதுக்குப் பயந்து பதுங்கினார். பதுங்கத் தெரிந்ததும் அவருடைய மேதைமைதான். 1968 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி நாள் பெருமழை. பார்வையாளர்களே இறங்கித் தண்ணீரை வடித்தார்கள். ஈரம் காயத் தொடங்கிய களத்தில் டெரிக் அண்டர்வுட் கடைசி நான்கு விக்கெட்டுகளையும் வெறும் 27 பந்துகளில் வீழ்த்தி, ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் இங்கிலாந்தை ஜெயிக்க வைத்தார். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கவுண்டி ஆட்டங்களிலும் களத்தை முழுதாக மூடும் வழக்கம் நிலைபெற்றது. அதன்பின் அண்டர்வுட் போல ஒருவர் வரவில்லை. வரவும் முடியாது. அந்தக் கலைக்கு வேண்டிய பொழுது இல்லாமல் போய்விட்டது.

அடுத்துப் போனது விரிப்பு. புல் வளராத ஊர்களில் தென்னைநார் விரிப்பை ஆணியடித்து இழுத்துக் கட்டி அதன்மேல் டெஸ்ட் ஆட்டமே ஆடியிருக்கிறார்கள். 1913 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் அத்தகைய விரிப்பின்மீது சிட்னி பார்ன்ஸ் 159 ஓட்டங்கள் கொடுத்து 17 விக்கெட் எடுத்தார். அந்தத் தொடரில் நான்கே டெஸ்டுகளில் 49 விக்கெட். இந்தச் சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. 1956இல் கராச்சி விரிப்பில் பாகிஸ்தானின் ஃபசல் மஹ்மூத் ஆஸ்திரேலியாவை 80 ஓட்டங்களுக்கு உருட்டினார். அந்த ஆட்டத்தில் அவருக்கு 13 விக்கெட். நார் விரிப்பில் பந்தின் தையல் கவ்விக்கொள்ளும், விரலால் பந்தை வெட்டத் தெரிந்தவனுக்கு அது சொர்க்கம். இந்தப் பக்கம் 1959 டிசம்பரில் கான்பூரில் புதிதாகப் புல்தரை போட்டார்கள். அதுவரை பெரிதாகப் பேசப்படாத ஜசு படேல் 69 ஓட்டங்களுக்கு 9 விக்கெட் எடுத்து, ஆஸ்திரேலியாவை இந்தியா முதன்முறையாக வெல்லக் காரணமானார். புது மண், புது வித்தை.

எங்கள் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் விரிப்பு இன்னும் வரலாறாகிவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிமெண்டு மேடையின்மேல் செயற்கை விரிப்பைப் போட்டு ஆடுவதுதான் இங்கே வழக்கம். புல்தரைக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடிக்கும் தண்ணீருக்கே குடத்துடன் நிற்கும் மாதங்களில் பிட்சுக்கு ஊற்று என்று எந்த முதல்வரிடம் போய்க் கேட்பது?

சேப்பாக்கத்துக்கு வருகிறேன். 1932இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய இந்தியா முதன்முதலாக ஜெயித்தது 1952 பிப்ரவரியில், இங்கேதான். வினு மன்கட் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட். இடது கைச் சுழலும் சென்னைக் களிமண்ணும் சேர்ந்து தந்த வெற்றி. 1988 ஜனவரியில் வந்தது இன்னும் பெரிய கூத்து. ரிச்சர்ட்ஸ் தலைமையிலான மேற்கிந்தியர்கள் உலகை மிதித்துக்கொண்டிருந்த காலம். சரியாகப் பதப்படுத்தப்படாத களம். பந்து விழுந்த இடத்தில் புழுதி எழும். அறிமுகமான கண்ணாடிக்காரப் பையன் நரேந்திர ஹிர்வானி 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட் எடுத்தார். முன்னால் வந்து வந்து ஏமாந்தவர்களைக் கிரண் மோரே ஒரே ஆட்டத்தில் ஆறு முறை ஸ்டம்பிங் செய்தார். அன்று வானொலி வைத்திருந்த டீக்கடையில் வாசல்வரை கூட்டம் நின்றது எனக்குச் சிறுவயது நினைவு. அதே ஹிர்வானி மொத்தம் ஆடியது 17 டெஸ்டுகள், 66 விக்கெட். நிலம் அள்ளிக் கொடுத்தது. நிலம் மாறியதும் அதே வித்தை கைகொடுக்கவில்லை. பிட்சைத் திட்டுகிறவர்கள் இந்தக் கதையைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். "பார், நல்ல பிட்ச் என்றால் இவன் எங்கே?" என்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதன் மறுபக்கத்தை யாரும் கேட்பதில்லை. 2008 மார்ச்சில் அதே சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்கா 540, இந்தியா 627. சேவாக் தனியாக 319. தென்னாப்பிரிக்கா மறுபடி 5 விக்கெட்டுக்கு 331. ஐந்து நாளில் 1498 ஓட்டங்கள், 25 விக்கெட், முடிவில்லை. சேவாக்கின் ஆட்டம் கண்கொள்ளாக் காட்சி, அதில் எனக்கு மறுப்பில்லை. அந்த ஐந்து நாளும் வெயிலில் ஓடி ஓடிப் போட்ட பந்துவீச்சாளர்களுக்கு அந்த மண் என்ன தந்தது? "நல்ல பிட்ச் என்றால் இந்த மட்டையாளன் எங்கே?" என்று யாராவது கேட்டார்களா?

என் வாதம் சுழலும் களமே சிறந்தது என்பதல்ல. இரண்டுக்கும் இடம் உள்ள களங்களைச் சேப்பாக்கம் தந்திருக்கிறது. 2001 மார்ச்சில் ஹர்பஜன் 15 விக்கெட் எடுத்த அதே களத்தில் மேத்யூ ஹைடன் ஸ்வீப் செய்து செய்தே 203 அடித்தார். 2016 டிசம்பரில் இங்கிலாந்து முதலில் 477 எடுத்தது. இந்தியா 7 விக்கெட்டுக்கு 759, கருண் நாயர் 303. செத்த களம் என்று எல்லோரும் கையைக் கழுவிய பின், கடைசி நாளில் விக்கெட் இழப்பின்றி 103 என்றிருந்த இங்கிலாந்து 207க்கு முடிந்தது. ஜடேஜாவுக்கு 7 விக்கெட். 2021 பிப்ரவரியில் இன்னொரு வேடிக்கை. முதல் டெஸ்டில் இங்கிலாந்து 578 குவித்து 227 ஓட்டங்களில் வென்றது. அடுத்த வாரம் அதே மைதானத்தில், பக்கத்துப் பட்டையில், இரண்டாம் டெஸ்ட். முதல் நாளே புழுதி. இங்கிலாந்தின் பழைய ஆட்டக்காரர்கள் கூக்குரலிட்டார்கள். அந்தப் புழுதியில்தான் அஸ்வின் எட்டு விக்கெட் எடுத்ததோடு 106 ஓட்டங்களும் அடித்தார். ஆட முடியாத களம் என்றால் எட்டாவதாக வந்தவர் எப்படிச் சதம் அடித்தார் என்று நான் ஆசிரியர் அறையில் கேட்டேன். "அவன் ஊர்க்காரன், அவனுக்குத் தெரியும்" என்று பதில் வந்தது. அதையேதான் நானும் சொல்கிறேன். நிலம் தெரிந்தவனுக்கு ஆட வரும்.

சேப்பாக்கத்திலேயே கருப்புக் களிமண் பட்டைகளும் உண்டு, செம்மண் பட்டைகளும் உண்டு. கருப்பு மண்ணில் பந்து மெதுவாகவும் தாழ்ந்தும் வரும், செம்மண்ணில் எழும்பும். 2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராகச் செம்மண் பட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். 6 விக்கெட்டுக்கு 144 என்று தடுமாறியபோது வந்த அஸ்வின் 113 அடித்தார், பின்னர் 88 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டும் எடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் 537 விக்கெட்டுகளுடன் டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு மைதானத்துக்குள்ளேயே இரண்டு திணை.

இனிக் கருவிகள். இங்கே விரைவாகப் போகலாம், ஏனென்றால் எல்லாமே ஒரே திசையில்தான் நடக்கிறது. கிரிக்கெட் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம்வரை என்று விதி. உள்ளே தக்கை, அதன்மேல் நூல், அதன்மேல் தோல், நடுவே தையல். அந்தத் தையலின் தன்மையில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. மீரட்டில் செய்யப்படும் எஸ்.ஜி. பந்தின் தையல் கையால் போடப்பட்டது, துருத்தி நிற்கும், விரலுக்குப் பிடி கிடைக்கும். இங்கிலாந்தின் டியூக்ஸ் பந்தும் கைத்தையல்தான். ஆஸ்திரேலியாவின் கூக்கபுராவில் வெளி வரிசைகள் இயந்திரத் தையல், சீக்கிரம் படிந்துவிடும். மண்ணைப் போலப் பந்தும் நாட்டுக்கு நாடு வேறு. இதில் எனக்கு மகிழ்ச்சிதான். இட்லி ஊருக்கு ஊர் வேறுபடுவதைப் போல.

ஒருநாள் ஆட்டத்தில் நடந்தது வேறு. 2011 அக்டோபரில் ஒரு இன்னிங்ஸுக்கு இரண்டு புதுப் பந்துகள் என்று கொண்டுவந்தார்கள். ஒரு முனைக்கு ஒன்று. ஆக எந்தப் பந்தும் 25 ஓவருக்கு மேல் பழையதாவதில்லை. தோல் தேய்ந்து ஒரு பக்கம் சொரசொரப்பானால்தான் வரும் ரிவர்ஸ் ஸ்விங், வாசிமும் வக்காரும் உலகுக்குக் காட்டிய அந்த வித்தை, ஒருநாள் ஆட்டத்திலிருந்து ஏறக்குறைய நாடு கடத்தப்பட்டது. சுழல்காரருக்கும் பழைய பந்தின் பிடி போயிற்று. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில், 34 ஓவருக்குப் பின் இரண்டில் ஒரு பந்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டத்தை முடிக்கலாம் என்று திருத்தினார்கள். ஒரு தலைமுறைப் பந்துவீச்சாளர்கள் அதற்குள் வந்து போய்விட்டார்கள். 2020இல் கொரோனாவுக்காக எச்சில் தடவத் தடை வந்தது. 2022இல் அது நிரந்தரமாயிற்று. நோய் போன பிறகும் தடை தங்கிவிட்டது. மட்டைக்கு மட்டும் யாரும் அவசரப்படவில்லை. அது ஆண்டுக்காண்டு பருத்து, விளிம்பே நடுப்பகுதி போல் ஆன பிறகுதான் 2017 அக்டோபரில் விளிம்பு 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதித்தார்கள். எல்லைக்கோட்டுக் கயிறும் உள்ளே வந்தது. 2024 ஏப்ரலில் ஐ.பி.எல். ஆட்டம் ஒன்றில் ஹைதராபாத் அணி 20 ஓவரில் 287 அடித்தது. அதைப் பார்த்த என் அம்மா, "பந்து போடுறவனுக்குச் சம்பளம் உண்டாடா?" என்று கேட்டார்.

நிலத்தையே அகற்றிவிடும் முயற்சியும் உண்டு. வேறிடத்தில் தட்டில் வளர்த்த ஆடுகளத்தைத் தூக்கிவந்து மைதானத்தின் நடுவே பதிக்கும் முறை 1977இல் பேக்கர் நடத்திய போட்டிகளில் தொடங்கியது. இன்று மெல்பர்ன், அடிலெய்டு, பெர்த் எல்லாம் அப்படித்தான். 2024இல் தரம்சாலாவில் செயற்கை இழை கலந்த ஆடுகளம் போட்டார்கள். ஐந்து விழுக்காடுதான் இழை, மற்றது இயற்கைப் புல் என்கிறார்கள். இருக்கட்டும். தேயாத, வெடிக்காத, எல்லா ஊரிலும் ஒரே மாதிரியான ஆடுகளம் வேண்டும் என்ற ஆசை அந்த ஐந்து விழுக்காட்டில் இருக்கிறது.

எல்லாக் கருவியும் பந்துவீச்சாளருக்குப் பகை என்று சொன்னால் நான் பொய்யன் ஆவேன். அளவிடும் கருவிகள் அவருக்கு உதவியிருக்கின்றன. 1995 டிசம்பரில் மெல்பர்னில் முத்தையா முரளிதரன் எறிகிறார் என்று நடுவர் நோ-பால் கூவியது தமிழர் பலருக்கு ஆறாத புண். பிறகு ஆய்வகத்தில் வேகக் கேமராக்களை வைத்து அளந்தபோது, சுத்தமாக வீசுவதாக நம்பப்பட்டவர்களில் பெரும்பாலோரின் முழங்கையும் சிறிது நிமிர்வது தெரிந்தது. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்று விதி மாறியது. முரளி 2010 ஜூலையில் காலியில் 800ஆவது விக்கெட்டுடன் விடைபெற்றார். அதுபோல டி.ஆர்.எஸ். வந்தபின், முன்காலை நீட்டி மட்டைக்குப் பின்னால் பேடை ஒளித்துச் சுழலைத் தடுத்த பழைய தந்திரம் எடுபடாமல் போனது.

இப்போது ஆசிரியர் அறைப் பேராசிரியருக்கு வருகிறேன். சர்வதேச கிரிக்கெட் குழு ஆடுகளங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. 2025 நவம்பரில் பெர்த் டெஸ்ட் இரண்டே நாளில் முடிந்தது. களத்துக்குக் கிடைத்த தரம் 'மிக நன்று'. 2024 ஜனவரியில் கேப்டவுனில் 642 பந்துகளில் ஒரு டெஸ்ட் முடிந்தது, அதைவிடக் குறைந்த பந்துகளில் முடிவு கண்ட டெஸ்ட் வேறில்லை; அதற்குத் 'திருப்தியில்லை' என்று போட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழுவை விடுங்கள், நம் பேச்சைக் கவனியுங்கள். பந்து மூக்கு உயரத்துக்கு எழுந்து விக்கெட் விழுந்தால் "என்ன வேகம்!" என்கிறோம். முழங்கால் உயரத்தில் திரும்பி விழுந்தால் "மோசடி" என்கிறோம். கடினமான களம் ஆண்மைக்குச் சோதனை, சுழலும் களம் சூழ்ச்சி. இந்த மதிப்பீடு நம்முடையதல்ல, புல் வளரும் குளிர்நாடுகளிலிருந்து வந்தது. நம் மண் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பது அதன் இயல்பு, குற்றமில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 அக்டோபர், நவம்பரில் நியூசிலாந்து இங்கே வந்து மூன்றுக்கு மூன்று ஜெயித்துப் போனது. புனேயில் சாண்ட்னர் 13 விக்கெட், மும்பையில் அஜாஸ் படேல் 11. நம் மண்ணில் நம்மவர்களுக்கே ஆட வரவில்லை. கொல்கத்தாவிலும் அதே கதைதான். அந்தக் களத்திலும் நிதானமாக நின்று 55 அடித்தவர் தென்னாப்பிரிக்காவின் பவுமா, அந்த ஆட்டத்தின் ஒரே அரைச் சதம். இதற்கு நான் காணும் காரணம் பிட்சில் இல்லை. தட்டையான களத்தில், பருத்த மட்டையோடு, இருபது ஓவர் ஆடி வளர்ந்தவர்களுக்குத் தாழ்ந்த கையால் சுழலைத் தொட்டு வைக்கும் பொறுமை பழகவில்லை. வேட்டி கட்டத் தெரியாமல் போனவர் வேட்டியைக் குறை சொல்வது போலத்தான் பிட்சைக் குறை சொல்கிறோம்.

எனக்கு நம்பிக்கை தருவது டெஸ்ட் மைதானங்கள் அல்ல. ஒரு டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமைத் தொடாது. தையல் இல்லை, தேய்மானத்தால் ஸ்விங் இல்லை, தாரிலோ சிமெண்டிலோ குத்தினால் மட்டைக்கு வாகாக எழும்பி உட்காரும். பந்துவீச்சாளருக்கு இதைவிட ஏழ்மையான கருவி இருக்க முடியாது. அதனால்தான் அதில் வித்தை பிறக்கிறது. குத்தினால் அடிப்பான் என்பதால் குத்தாமல் காலடியில் போடப் பழகியவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். அந்த யார்க்கர்தான் 2021 ஜனவரியில் அவரைப் பிரிஸ்பேன் டெஸ்ட்வரை கொண்டுபோனது. விரலுக்கு நடுவில் பந்தை அழுத்திச் சுண்டிவிடும் 'சொடக்கு'ப் பந்தைச் சென்னைத் தெருவில் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் பார்த்துக் கற்றதாக அஸ்வினே சொல்லியிருக்கிறார். அதே உத்தியை இரண்டாம் உலகப் போரின்போது நியூகினி முகாமில் ஜாக் ஐவர்சன் என்ற ஆஸ்திரேலியச் சிப்பாய் டேபிள் டென்னிஸ் பந்தைச் சுண்டிச் சுண்டிக் கண்டுபிடித்தார் என்பார்கள். கட்டடக் கலை படித்துவிட்டு டென்னிஸ் பந்தில் விரல்வித்தை பழகிய வருண் சக்கரவர்த்தி 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்தின் ஐந்து விக்கெட்டுகளை எடுத்தார். மண்ணும் பந்தும் கைவிட்ட இடத்தில் விரல் யோசிக்கத் தொடங்குகிறது.

என் மாணவன் ஒருவன் இருக்கிறான். இளங்கலை இரண்டாம் ஆண்டு, தமிழ். கண்மாய்க்குள் அவன் லெக் ஸ்பின் போட்டால் மட்டை பிடிப்பவனின் முதுகுக்குப் பின்னாலிருந்து பந்து திரும்பும். பொங்கல் போட்டிகளில் சுற்றுவட்டாரத்து அணிகள் அவனை வண்டி வைத்துக் கூட்டிப்போகின்றன. சென்ற ஆண்டு ஒரு தேர்வுக்குப் போய் வந்தான். அங்கே முதன்முறையாகப் புதுத் தோல்பந்தைக் கையில் கொடுத்தார்கள். ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. ஆறு பந்துகளில் மூன்று பக்கவாட்டு வலைக்குள் போயின. அடுத்தவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"என்னடா ஆச்சு?" என்றேன்.

"பந்து நல்லாத்தான் இருந்துச்சுங்கய்யா. தையல்ல வெரலு வச்சா அதுவா சுத்தும்போல. ஒரு மாசம் கையில இருந்தா பழகிருவேன்" என்றான்.

ஒரு நல்ல தோல்பந்தின் விலைக்குப் பத்து டென்னிஸ் பந்துகளுக்கு மேல் வாங்கலாம். அது சிமெண்டில் ஒரு வாரம்கூடத் தாங்காது. பக்கத்திலுள்ள நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. பச்சைக் கம்பளம் போன்ற புல்தரை. 2025 அக்டோபரில் மதுரை சிந்தாமணியில் தோனி வந்து புதிய மைதானத்தைத் திறந்துவைத்தார். மகிழ்ச்சியான செய்திகள். ஆனால் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற பையனுக்கும் அந்தப் புல்தரைக்கும் நடுவில் ஒரு பந்தின் விலை இருக்கிறது. நல்ல பிட்ச் எது என்று தொலைக்காட்சியில் விவாதிக்கும் பெரியவர்கள், புல்தரையைக் கண்ணால் மட்டும் கண்ட பந்துவீச்சாளர்கள் இந்த மாநிலத்தில் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், சுற்றியுள்ள கிராமத்துப் பையன்களுக்குப் பழைய தோல்பந்தும் ஓரத்துப் பட்டை ஒன்றும் கொடுத்தால் எந்த மைதானமும் கெட்டுவிடாது.

நானும் எங்கள் உடற்கல்வி ஆசிரியரும் சேர்ந்து நான்கு பழைய பந்துகள் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். தோல் உரிந்தவை, தையல் மட்டும் கொஞ்சம் நிற்கிறது. சிமெண்டு வேண்டாம், மண்ணில் போட்டுப் பழகு என்றேன். கண்மாயில் இன்னும் முழங்கால் அளவு தண்ணீர் கிடக்கிறது. கிழக்குக் கரையோரம் மேடு, அங்கேதான் முதலில் காயும் என்கிறான். தினமும் காலையில் போய்க் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வருகிறான்.